மூன்று இலக்கத்துக்குள் பதினாறாயிரம் அறைகள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மல்லாட்டையைக் கழுவி, கல்லுப்பு போட்டு அடுப்பில் ஏற்றினேன். பல் துலக்கியதுகூட அதற்குப் பிறகுதான். வேர்க்கடலையின் மண் வாசனையோடு ஆவி எழுந்தபோது, இன்று சனிக்கிழமை என்பதும் நீ இனி வரமாட்டாய் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. கை தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்திருக்கிறது. அடுப்பை அணைக்க மனம் வரவில்லை. வேகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் ஒரே வகுப்பில் கணிதம் படித்த நாம், படிப்பு முடிந்ததும் ஒரே ரயில் பாதையில் ஆளுக்கொரு பக்கம் ஆனோம். நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை, ஒரு வீட்டு மருமகள். நீ சென்னையில் ரயில்வே கணக்கு அலுவலகத்தில். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, விழுப்புரம் ரயில்வே காலனியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் பாசஞ்சரில் வருவாய். வண்டி எங்கள் ஊரில் கொஞ்ச நேரம் நிற்கும். காலையிலேயே வேகவைத்து உப்பில் ஊறிய மல்லாட்டைப் பொட்டலத்தோடு நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். ஜன்னல் கம்பிக்கு உள்ளே நீ, வெளியே நான். நலம் விசாரிக்க நேரம் கிடையாது. போன வாரம் விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்குவாய்.

உங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு நமக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அதன் நினைவகம் வரிசையாக அடுக்கிய அறைகள் மாதிரி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு விலாசம் உண்டு என்று ஒரு சனிக்கிழமை சொன்னாய். அடுத்த சனிக்கிழமை புதிர் போட்டாய்.

"விலாசம் எழுத மூணே இலக்கம்தான்டி. சைபர்ல ஆரம்பிச்சி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரிக்கும் ஆயிரம் அறை. ஆனா அந்த மிஷினு பதினாறாயிரம் வரிக்கும் போவுது. எப்டி? கணக்கு டீச்சர்தானே, சொல்லு பாப்போம்!"

வண்டி நகர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த முறை வண்டி நிற்பதற்குள் கூடவே ஓடி வந்து கேட்டேன்.

"இலக்கத்து மேல ஏதாவது குறி வைப்பாங்களா?"

"அடிப்பாவி, கண்டுபிட்ச்சிட்டியே!" என்று கம்பி வழியே என் கன்னத்தைக் கிள்ளினாய். முதல் இலக்கத்தின் தலையில் இரண்டு சுவிட்ச், கடைசி இலக்கத்தின் தலையில் இரண்டு. ஒவ்வொரு சுவிட்சும் போட்டிருக்கலாம், நிறுத்தியிருக்கலாம். ஆக, அங்கே நான்கு விதம், இங்கே நான்கு விதம். நான்கு நான்கு பதினாறு. எழுதும் இடம் அதே மூன்றுதான். போய்ச் சேரும் அறைகள் பதினாறு மடங்கு.

"நீயும் இதைக் கத்துக்கடி" என்றாய்.

"நாப்பது தாண்டியாச்சு. ஸ்கூலு, புள்ளைங்க, மாமியாருக்கு மருந்து. என் தலையில இனிமே இடமில்ல."

"இடமெல்லாம் இருக்குது. விலாசம் எழுதத்தான் உனுக்குத் தெரியல."

அதைச் சொல்லும்போது வண்டி கிளம்பிவிட்டது.

போன வருடம் உன் தலைக்குள் கட்டி என்றார்கள். விடுப்பு எடுத்து விழுப்புரம் வந்துவிட்டாய். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் பார்க்க வந்த அன்று உன் அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "என்னையே யாருன்னு கேக்குதும்மா. நீ மனசுல வச்சிக்காத."

கட்டிலில் இருந்த நீ என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாய். "உக்காருங்க" என்றாய்.

அந்த 'ங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. முகம் கழுவும் சாக்கில் பக்கத்துச் சந்துக் குழாயடிக்கு வந்தேன். உன் கட்டிலை ஒட்டிய ஜன்னல் அங்கேதான் இருந்தது, ரயில் ஜன்னலைப் போலவே குறுக்குக் கம்பிகளோடு. கையில் இன்னும் கொடுக்காத மல்லாட்டைப் பொட்டலம் இருந்தது. எதையும் யோசிக்காமல் கம்பி வழியே நீட்டினேன்.

நீ திரும்பினாய்.

"இன்னாடி இவ்ளோ லேட்டு? ஜல்தி சொல்லு, வண்டிய எட்த்துடுவான்!"

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நல்ல பேஜாருதான் போ. வாசல் வழியா வந்தா விருந்தாளி, ஜன்னலாண்ட வந்தாத்தான் சிநேகிதியா?"

அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் வாசல்படி ஏறவே இல்லை. சந்தில் நின்றேன். தோல் உரித்துக் கொடுப்பேன். நீ தின்றுகொண்டே அறைகளையும் விலாசங்களையும் பற்றி ஏதேதோ சொல்வாய். பாதி புரியாது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'டி' இருந்தது. கடைசிச் சனிக்கிழமையும் இருந்தது. என்னை மறந்துவிட்டுத்தான் போவாயோ என்று நான் பயந்தது நடக்கவில்லை. எனக்கு அது போதும்.

போன மாதம் வகுப்பில் ஒரு மாணவியின் பெயர் சட்டென்று வரவில்லை. எனக்கும் அதே நோய்தானோ என்று அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு கல். வீட்டில் சொல்லவில்லை. இன்று காலை நான் கேட்காமலேயே கை சனிக்கிழமையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தக் கல் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரும் வந்துவிட்டது, மல்லாட்டையை வடிகட்டும்போது.

கோடை விடுமுறையில் கணித ஆசிரியர்களுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் பயிற்சி நடக்கிறதாம். யார் போகிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டபோது குனிந்துகொண்டேன். திங்கட்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

கொடுக்கப்போகிறேன். கூடத்தில் செய்தித்தாள் படிக்கும் என் கணவருக்கும் இது இன்னும் தெரியாது. வாராவாரம் சனிக்கிழமை பாசஞ்சரில் ஊருக்கு வந்து போவேன். இந்த முறை கம்பிக்கு உள்பக்கம் நான்.