அரூஸுக்குக் கேட்ட விசா

கெலிஓயா

அன்பு மகன் அஹ்னாப், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம்; டோஹாவில் நீயும் மருமகள் நப்லாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். சொல்ல வந்தது சிதறிவிடும் என்பதால் முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. மலைக்கு உல்லாசப் பயணிகள் திரும்ப வருகிறார்கள்.
2. உன் தம்பி அரூஸ் பழையபடி அவர்களுக்கு வழிகாட்டுகிறான்.
3. அவன் பயந்துபோயிருக்கிறான், அவனுக்கு அங்கே ஒரு வேலையும் விசாவும் பார்.

மண்சரிவுக்குப் பிறகு மூடியிருந்த நாவலப்பிட்டிப் பக்கத்து மலைப்பாதையைத் திறந்துவிட்டார்கள், பொறியியலாளர்கள் பார்த்துச் சரியென்றார்களாம், இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று குழு வருகிறது, நம் மேல்மாடி அறைகளிலும் ஆட்கள் தங்குகிறார்கள், உம்மா அவர்களுக்கு ரொட்டி சுடுகிறாள். எனக்கு இதில் சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை, மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறேன், அவ்வளவுதான். அரூஸோடு சேர்ந்து வழிகாட்டிய மோகனராஜ் தோட்டத்து லயன் வீடுகளோடு மண்ணுக்குள் போனது உனக்குத் தெரியும், உடலை இன்னும் எடுக்கவில்லை. அந்தச் சரிவுக்கு மேலால் போகும் நேர்வழியில் அரூஸ் கால் வைப்பதில்லை, தேயிலைக்குள்ளால் சுற்றிக் கூட்டிப்போகிறான். ஹபீலின் கடையில், மலை ஏத்துறன் எண்டு காசு வாங்கி மலையச் சுத்திக் காட்டுறான் உங்கட மகன் என்று சிரிக்கிறார்கள். கேட்டால் அவன் பேசமாட்டான். பயம்தான் என்று முடிவுசெய்தேன், நானே பயந்தவன், அடுத்தவன் பயம் எனக்கு உடனே தெரியும் என்று நினைத்தேன்.

இவ்வளவும் வெள்ளிக்கிழமை எழுதியது. நேற்று அவன் சாப்பாட்டுப் பார்சலை விட்டுவிட்டுப் போனதால் பஸ்ஸில் கொண்டுபோனேன். பயணிகளை ரோட்டில் நிறுத்திவிட்டு, மோகனராஜின் அம்மா ரத்தினம்மாவின் தகரக் கொட்டில் வாசலில் நின்றான். இன்னைக்கு மேல போகட்டாம்மா என்று கேட்டான். சுத்தியே போங்க தம்பி என்றார் அந்த அம்மா. அவனும் சரியென்று சுற்றுவழிக்குத் திரும்பினான். பிறகு அந்த அம்மா என்னிடம், எம்புள்ள மேல சப்பாத்துக் காலோட ஆளுங்கள கூட்டிப் போக மனசில்லாம ஒவ்வொரு தடவையும் வந்து கேக்குறாருங்க, எனக்குத்தான் போங்கன்னு வாய் வரல என்றார். நான் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவரையும் பாதுகாப்பானாக. விசாவுக்கு யாரிடமும் சொல்லிவிடாதே. மூன்றாவதாக எழுதியது பிழை. அந்த அம்மா போங்க என்று சொல்லும்வரை, கேட்பதற்கு அவன் இங்கே இருக்க வேண்டும்.

உன் வாப்பா
மர்சூக்