அடுத்த வாரத்துக் கையெழுத்து

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

உன் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். சிறை வாசலுக்கு நான்தான் போய் அழைத்து வந்தேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து.

நடந்தது உனக்குத் தெரியும், இதைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். அங்கே சனிக்கிழமையே அடுத்த வாரம் முழுவதற்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சீசனில் யாருக்கு நேரம்? அந்தச் செவ்வாய்க்கிழமை மருந்து கலக்கும் அறை வெடித்து மூன்று பேர் இறந்தபோது, நீங்கள் இருவரும் இருக்கன்குடிக் கோயிலில் மொட்டை போட வரிசையில் நின்றீர்கள். பதிவேட்டிலோ அவர் ஆலையில் இருந்தார். அவர் கண்காணிப்பில்தான் தவறு நடந்தது என்றார்கள். மனைவியின் சாட்சி என்று உன் பேச்சைத் தள்ளினார்கள். ஆலைக் கணக்கர் மனம் மாறி உண்மையைச் சொல்லி, மேல்முறையீட்டில் விடுதலையாக ஆறு வருடம் ஆனது.

"அவர ஒரு வேலையில உக்கார வச்சிருண்ணே." ஆஸ்பத்திரியில் நீ கேட்டது அவ்வளவுதான்.

பட்டாசு ஆலைகளில் யாரும் சேர்க்கவில்லை. விடுதலையானாலும், வெடித்த இடத்து ஆளை உள்ளே விடப் பயம். சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் பேசி வைத்தேன். கட்டுகளை எண்ணி லோடு ஏற்றும் வேலை. ஐந்து நாள் ஒழுங்காகப் போனார். "நாள் பூரா சாமி படமா எண்ணுறேன் மச்சான். மொட்டை போட்ட புண்ணியம் இப்பத்தான் வந்து சேருது" என்று சிரித்தார்கூட.

சனிக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தபோது, மேலாளர் பதிவேட்டை அவரிடம் நீட்டினார். "அடுத்த வாரத்துக்கும் போட்டுருங்க அண்ணாச்சி. ஆர்டர் நெருக்குது."

அவர் பேனாவைத் தொடவில்லை. "திங்கக்கிழமை வந்து போடுறேன்."

"ஒரு கையெழுத்துத்தான? ஒங்க சொத்தையா எழுதிக் கேக்குறோம்?"

பக்கத்தில் நின்ற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போடுங்க மாப்ள. எல்லாரும் போடுறாகள்ல."

அந்த வழக்கின் ஒவ்வொரு தாளையும் படித்தவன் நான். வேலை போய்விடுமே என்ற பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். "புதுப்பட்டியிலயும் இதத்தான் சொன்னாக மச்சான்." சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் கெஞ்சினேன். அன்றன்றைக்குப் போடட்டுமே என்றேன். ஒருவருக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். உன் வீட்டுக்காரரும் திரும்பப் போவதாயில்லை.

இப்போது ஆமத்தூர் வீட்டிலேயே இருக்கிறார். ரேஷன் அட்டை, வங்கிப் படிவம், எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் கையிலிருக்கும் செல்போன் சிம்கூட என் பெயரில்தான். நீ இருந்திருந்தால் போட வைத்திருப்பாயா? இல்லை, போடாதீர்கள் என்று நீயும் சொல்லியிருப்பாயா?

நேற்றுக் கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம வாரேன் மாப்ள" என்றேன்.

"வந்த பெறகு சொல்லுங்க" என்றார்.

செல்வி, நீ கேட்ட வேலையை என்னால் அமைத்துக் கொடுக்க முடியவில்லை. இனி முடியும் என்றும் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் வெறுங்கையோடு போய் அவர் எதிரில் உட்காருவேன். சத்தியம் செய்ய என்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

உன் கூடப்பிறந்த அண்ணன்