ஏழாம் பக்கத்து அட்டவணை

ஃபோவா தீவு, ஹாபாய்
14 ஜூன் 1982

அன்புத் தம்பி கிதியோனேவுக்கு,

அக்கா லுசேயானே எழுதுவது. ஆக்லாந்துக் குளிரில் கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் போர்த்திக் காக்கட்டும். இங்கே நானும் உன் அத்தான் மாஃபுவும் நலம். மேலே கூரை இல்லை, கூடாரத் துணிதான் இருக்கிறது. ஆனாலும் நலம்.

மார்ச் புயலில் ஊரின் முப்பத்தொன்பது வீட்டுக் கூரைகளும் போனதை முன்பே எழுதியிருந்தேன். இப்போது சபை மரமும் தகரமும் தருகிறது. முப்பத்தொன்பது வீடும் ஒரே அளவு, பதினாறடி அகலம், மேலே வெறும் தகரம். கோயிலுக்கு மட்டும் பலகை அடித்து அதன்மேல் தகரம். கட்டுவதற்கு மாஃபுதான் தலைவர். தெரிந்ததுதானே, தலைவர் சத்தம் போடுவார், மற்றவர்கள் அடிப்பார்கள்.

நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய கட்டுமானக் கைப்புத்தகத்தை நம் தீவு மொழியில் எழுதி முடித்துவிட்டேன். இருபத்திரண்டு பக்கம். எனக்குக் கிடைத்த பள்ளி ஆறு வருஷம். மீதியெல்லாம் வேதாகமத்திலும் உன் பழைய புத்தகங்களிலும் படித்ததுதான். இருந்தாலும் ஒரு வரியையும் விடவில்லை. அளவு நாடா இல்லாதவர்களுக்கு முடிச்சுக் கயிறு சொன்னாயே, அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆணியின் படத்தின் மேல் ஆணியை வைத்துச் சரிபார்க்கச் சொன்னதற்குத்தான் மாஃபு, "முப்பது வருஷமா ஆணி அடிக்கிறேன், உன் தம்பி என்னைப் பொம்மை பாக்க வச்சுட்டான்" என்கிறார். சொல்லிவிட்டு வைத்தும் பார்க்கிறார்.

ஒன்றே ஒன்று. ஏழாம் பக்கத்து அட்டவணையில், கூரைக் கட்டையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை வீட்டுக்கு எத்தனை என்று கொடுத்திருக்கிறாய். பலகை அடித்த கனமான கூரைக்குப் பத்து, வெறும் தகரத்துக்குப் பதினெட்டு. அவசரத்தில் இடம் மாறிவிட்டது போலிருக்கிறது. கனத்துக்குத்தானே கட்டு அதிகம் வேண்டும்? நான் மாற்றி எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். சின்ன வயதிலும் உன் சட்டைப் பொத்தானை நான்தான் மாற்றிப் போட்டுவிடுவேன், வருத்தப்படாதே.

ஜெபத்தில் உன்னை மறவாத,
அக்கா லுசேயானே


ஆக்லாந்து
1 ஜூலை 1982

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி கிதியோனே தலை தாழ்த்தி எழுதுகிறேன். நீங்கள் பட்ட பாட்டுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருபத்திரண்டு பக்கங்களையும் விளக்கு வெளிச்சத்தில் எழுதியிருப்பீர்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் பக்கம் குறித்து... என் கையெழுத்துத்தான் தெளிவில்லாமல் இருந்திருக்கும். உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், அந்த அட்டவணையை மாஃபு அத்தானும் ஒருமுறை பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். வெறும் தகரம் காற்றில் என்ன செய்யும் என்பதை மார்ச்சில் கண்ணால் கண்டவர் அவர். இது என் மனதில் பட்டது மட்டுமே. முடிவு உங்களுடையது.

இங்கே மழை. பிள்ளைகள் நலம்.

பணிவுடன்,
கிதியோனே


ஃபோவா தீவு
2 ஆகஸ்டு 1982

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், புத்தகம் அச்சாகிவிட்டது. இருநூறு பிரதி. ஐம்பது எங்கள் தீவுக்கு வந்தது, மீதி அச்சகத்திலேயே இருக்கிறது. அட்டையில் உன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னேன். உனக்கும் ஒன்று இத்துடன்.

உன் கையெழுத்தில் குறையொன்றுமில்லை. மாஃபு பார்க்க என்ன இருக்கிறது? அவருக்குத் தன் செருப்பு எங்கே என்றே நான் சொல்ல வேண்டும். நீ கவலைப்படாதே, நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

இருபத்திரண்டு வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. வீட்டுக்குப் பத்துப் பட்டை, புத்தகத்தில் உள்ளபடியே. மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றிப் போதகர் பிரசங்கம் செய்தபோது மாஃபு என் காதில், "நம்ம தீவுல பாறைக்கு எங்க போறது?" என்றார். கோயிலில் சிரித்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன்.

உன் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. அக்காவுக்கு எழுத அவ்வளவுதான் செய்தியா?

உன்,
லுசேயானே


ஆக்லாந்து
24 ஆகஸ்டு 1982

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்தது. அழகாக இருக்கிறது.

கப்பலில் மூன்று பெட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் கூரைப் பட்டைகள், பெட்டிக்கு நூறு. இப்போதைக்கு அவ்வளவுதான் கிடைத்தது. தேவையில்லை என்று நினைத்தால் உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். ஆனால் புயல் மாதங்கள் தொடங்குமுன், நவம்பருக்குள், அவை எப்படியாவது பயன்பட்டால் நன்றாக இருக்கும். தகரக் கூரைகளில் கூடுதலாக அடித்தால் கெடுதல் ஒன்றுமில்லை.

அதிகம் எழுதத் தெரியவில்லை. மன்னியுங்கள்.

பணிவுடன்,
கிதியோனே


ஃபோவா தீவு
11 அக்டோபர் 1982

கிதியோனே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பெட்டிகள் மூன்றும் செப்டம்பரில் வந்தன. கூரைகள் எல்லாம் முடிந்தபின் இவ்வளவு இரும்பு எதற்கு, தம்பிக்குத் தாராளக் கை என்று சொல்லிக் கோயில் கிடங்கில் வைத்துப் பூட்டினேன்.

போன வியாழக்கிழமை துணி துவைத்தேன். காற்று பலமாக இருந்தது. ஈரக் கம்பளியை இரண்டு கிளிப்பு போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன், அசையவில்லை. பக்கத்தில் மெல்லிய படுக்கை விரிப்பு, அதற்கும் இரண்டு கிளிப்பு. நான் திரும்புவதற்குள் அது பிய்த்துக்கொண்டு பறந்து பன்றித் தொழுவத்தில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சியாலே கைகொட்டிச் சிரித்தாள். "ஏண்டி, கனத்துக்கா கிளிப்பு போடுவாங்க? அது தன் கனத்துலயே கிடக்கும். மெல்லிசுக்குத்தான் நாலா போடணும். இத்தனை வயசுக்கு இதுகூடத் தெரியலையா உனக்கு?"

சேறு ஒட்டிய விரிப்பைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய் உன் ஆங்கிலத் தாள்களை எடுத்தேன். நான் எதையும் எறிவதில்லை, தெரியுமே. ஏழாம் பக்கம். கனமான கூரைக்குப் பத்து, தகரத்துக்குப் பதினெட்டு. உன் கையெழுத்து முத்துப்போல் இருக்கிறது.

பட்டை கூரையைச் சுமப்பதற்கில்லை. பறக்காமல் பிடிப்பதற்கு. இருபத்திரண்டு பக்கம் எழுதிய எனக்கு அது புரியவில்லை, துணிக்கொடி வைத்திருக்கிற சியாலேவுக்குப் புரிந்திருக்கிறது.

முப்பத்தொன்பது வீட்டிலும் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் இருக்கிறது. உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள். அடித்தது மாஃபுவின் கை. எழுதியது என் கை.

இப்போது உன்னைக் கேட்கிறேன். நான் மாற்றியதை ஜூன் கடிதத்திலேயே உனக்கு எழுதினேன். "மாஃபு அத்தானும் பார்த்தால் ஆறுதல்" என்றாய். பிறகு மூன்று பெட்டி. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

லுசேயானே


ஆக்லாந்து
20 அக்டோபர் 1982

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன்.

தெரியும். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும். பதில் எழுத உட்கார்ந்து எத்தனை தாள் கிழித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. "அக்கா, நீங்கள் மாற்றியது தவறு" என்று எழுதுவேன். அதைப் பார்க்கும்போது யாரோ வேற்றாளின் கையெழுத்துப் போலிருக்கும். கிழித்துவிடுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாகி, நம் வழக்கப்படி வீட்டைவிட்டுப் பையன்களின் குடிசையில் தூங்கப் போன நாளில் அப்பா சொன்னார்: "இன்னையிலேர்ந்து அக்கா சொன்னா சொன்னதுதான். மறுபேச்சு இல்ல. அவ பாய் மேல உன் நிழல்கூட விழக்கூடாது, கேட்டியா?" கேட்டேன். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் என் மேலதிகாரியின் எண் தவறானால் மேசையைத் தட்டிச் சொல்கிறவன் நான். உங்களிடம் மட்டும் வாய் எழவில்லை. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அது பயம்தான், அக்கா. முப்பத்தொன்பது வீடுகளை அந்தப் பயத்தின் கீழே படுக்க வைத்துவிட்டேன். நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்து செய்தேன். இதில் யார் தவறு பெரியது என்று போதகரைக் கேட்க வேண்டியதில்லை.

அச்சகத்தில் இருக்கும் நூற்றைம்பது பிரதிகளை வெளியே விடாதீர்கள் என்று இன்று தந்தி கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கூடுதலாக எட்டுப் பட்டை அடிக்க வேண்டும், பட்டைக்கு இருபுறமும் ஐந்தைந்து ஆணி. பெட்டிகளில் இருப்பது போதாது. எத்தனை குறைகிறது என்று எழுதுங்கள், அனுப்புகிறேன். புத்தகத்தில் தவறு என்னுடையது என்றே ஊரில் சொல்லுங்கள். அட்டையில் இருப்பது என் பெயர்தானே.

கிதியோனே


ஃபோவா தீவு
15 நவம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. எனக்கு ஒரு வாரம் கோபம் இருந்தது. அது போய்விட்டது, எழுதுகிறேன்.

தவறு உன்னுடையது என்று ஊரில் சொல்லச் சொன்னாய். பொய் சொல்லி ஒரு கூரையைப் பிடித்து வைக்க முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நிற்கப் போகிறேன் என்று போதகரிடம் முன்பே சொன்னேன். அவர் தயங்கினார். "தச்சு வேலை பண்றவங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதாதாம்மா?" என்றார். "தப்பு எல்லார் தலைக்கு மேலயும் இருக்கு ஐயா. எல்லார்கிட்டயும்தான் சொல்லணும்" என்றேன்.

நின்றேன், சொன்னேன். தம்பி சரியாக எழுதியதை நான் மாற்றினேன் என்றேன். பின்வரிசையிலிருந்து சியாலே, "லுசேயானே கணக்குல தப்பா! இனிமே கடல்ல உப்பு இருக்கான்னு நக்கிப் பாத்துட்டுத்தான் குளிக்கணும்" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவளுக்கு ஒரு பெருவள்ளிக் கிழங்கு கொடுத்தனுப்பினேன், இருப்பதில் பெரியது.

திங்கள் காலையில் கிடங்கைத் திறந்தோம். மாஃபு ஏணியில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி, "கல்யாணமாகி இருபது வருஷத்துல இவ தப்புன்னு ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவை. அதுக்கு முந்நூறு பட்டை தேவைப்பட்டிருக்கு!" என்றார். ஆனால் அன்று முதல் விடியலில் முதலில் ஏணி தூக்கியவரும் அவர்தான். இங்கே இருந்த பிரதிகள் எல்லாவற்றையும் வீடு வீடாய்த் திரும்ப வாங்கி ஏழாம் பக்கத்தை என் கையாலேயே திருத்திக் கொடுத்துவிட்டேன். கோயிலில் பலகைக் கூரைக்குப் பதினெட்டு அடித்தாயிற்று. கர்த்தருடைய வீட்டில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் என்ன.

கணக்கு இதோ. நீ அனுப்பியது முந்நூறு. எங்களிடம் மிஞ்சியிருந்தது நான்கு. வடக்கு வரிசையில் பதினான்கு வீடு, நடு வரிசையில் பதினொன்று, கரையோரம் பதின்மூன்று. வீட்டுக்கு எட்டு. முந்நூற்று நான்கும் அடித்தாயிற்று. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. நீ எதுவும் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. இனி நான் எழுதுவதில் தவறு இருந்தால், "தவறு" என்று எழுது. ஆறுதல், மனதில் பட்டது என்று சுற்றி வளைக்காதே. இது வேண்டுகோள் இல்லை. அக்காவின் கட்டளை. அப்பா சொன்னபடி, இதற்கும் மறுபேச்சு இல்லை.

உன்,
அக்கா லுசேயானே


ஆக்லாந்து
24 நவம்பர் 1982

அக்கா,

கணக்கில் தவறு இருக்கிறது.

பதினான்கும் பதினொன்றும் பதின்மூன்றும் முப்பத்தெட்டு. ஊரில் வீடு முப்பத்தொன்பது. ஜூன் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் எதையும் எறிவதில்லை. நடு வரிசையில் வீடு பன்னிரண்டு; அதில் கோயிலுக்குப் பக்கத்து வீடு விட்டுப்போயிருக்கிறது. அது யாருடைய வீடு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னைச் சோதிக்கத்தான் அப்படி எழுதினீர்களா, அல்லது யாருக்கும் தெரியாமல் பத்துப் பட்டையின் கீழேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களா, தெரியவில்லை. எதுவானாலும் தவறு தவறுதான். உங்களுக்கு இப்படி எழுதுவது இதுவே முதல் முறை. கிழிக்கவில்லை.

எட்டுப் பட்டையையும் எண்பது ஆணியையும் பையில் வைத்துவிட்டேன். டிசம்பர் நான்காம் தேதி படகில் வந்து இறங்குகிறேன். மாஃபு அத்தானின் ஏணி போதும். உங்கள் தலைக்கு மேலே நான் ஏறி நிற்பது முறையில்லை. அதனால் நான் கூரையில் இருக்கும் நேரம் நீங்கள் வெளியே துணிக்கொடிப் பக்கம் போய் நில்லுங்கள். அங்கிருந்து எண்ணிக்கொண்டே இருங்கள். எட்டு வந்ததும் சொல்லுங்கள், இறங்குகிறேன்.

உங்கள் தம்பி,
கிதியோனே