கம்ப்யூட்டர் திணறியதற்குக் காரணம்

பாப்பா,

சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது.

நேற்று உன் இன்டர்வியூ நடுவில் அது அப்படியே நின்றுபோனதும், "கண்டதையும் ஏத்தி வச்சா இப்படித்தான் ஆகும்"னு கத்தினேன். நீ அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டாய்.

காலையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸரில் தொண்ணூறு சதவீதத்தை ஒரே புரோகிராம் தின்றுகொண்டிருந்தது. நீ யாரோடு பேசுகிறாய் என்று வேவு பார்க்க, போன வருஷம் உனக்குத் தெரியாமல் நான் போட்டது அது. அழித்துவிட்டேன்.

முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதான் சீட்டு. இன்னொரு தேதி கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுது. தப்பு அப்பாவுடையது என்றே எழுது.

அப்பா

பி.கு.: பாஸ்வேர்டை மாற்றிவிடு. எனக்குச் சொல்லாதே.