என் உயரத்துக்கு ஒரு மேசை

ஆகஸ்ட் 5, செவ்வாய்
சாப்பாட்டுக் கடையில் நான் மீன் வெட்டும் மேசை என் இடுப்புக்கு ஒரு சாண் கீழே. எனக்கு முன்னால் இருந்த குள்ளமான சமையல்காரருக்குச் செய்ததாம். அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு, நான் இன்னும் அவர் உயரத்துக்குக் குனிந்துகொண்டிருக்கிறேன். முதலாளி சிவநேசனிடம் இன்றும் சொன்னேன். "கிச்சன் வேலைன்னா எல்லாருக்கும் வலிக்கும் லா, நவமணி." கல்லாவில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

ஆகஸ்ட் 9
நானே நாலு செங்கல் கொண்டுபோய் மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தேன். காலை முழுக்க நிமிர்ந்து நின்று மீன் வெட்டினேன். ஐயோ, என்ன சுகம்! மத்தியானம் முதலாளி எடுத்துப்போடச் சொல்லிவிட்டார். பார்க்க அசிங்கமா இருக்காம். யார் பார்க்கிறது, கரப்பான்பூச்சியா?

ஆகஸ்ட் 14
வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஃபெரியில் இடுப்பு வலியால் உட்கார முடியவில்லை. பினாங்குத் தீவிலிருந்து அக்கரை பட்டர்வொர்த் வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 19
சோற்று அண்டாவை இறக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. கிளினிக்கில் ஒரு வாரம் எம்சி, மருத்துவ லீவு, கொடுத்தார்கள். இனிமேல் குனிந்து வேலை செய்யாதீங்க என்றார் டாக்டர். கடைக்குப் பேர் வாங்கித் தந்த மீன்தலைக் கறி என் கைப்பக்குவம். அடுப்ப விட்டுட்டா நான் அங்க யாரு?

ஆகஸ்ட் 27
வேலைக்குத் திரும்பினேன். மேசை உயர்ந்திருந்தது! புதுக் கால் வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் மோகனராஜைப் பார்த்தேன். முதலாளியின் அக்கா மகன், ஆறடி. என் கத்தியோடு நிற்கிறான். "உயரம் பத்தல மாமா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னானாம். மறுநாளே வெல்டிங் ஆளுங்க வந்துட்டாங்க.

எனக்கு? "நீ உக்காந்து வெங்காயம் உரி லா. இடுப்புக்கு ரெஸ்ட்." பின்கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலி. பாவி மனுஷா, நாள் பூரா மடங்கி உக்கார்றது ரெஸ்டா?

செப்டம்பர் 3
மோகனராஜ் வைத்த கறியை வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியே பின்கட்டுக்கு வந்தார். "நவமணி, வந்து ஒரு சட்டி வெச்சுக் குடு."

"எந்திரிக்க முடியல முதலாளி. வெங்காயம் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

குனிந்து கூடையைத் தூக்கியவர், அம்மாடி என்று இடுப்பைப் பிடித்தார். "எல்லாருக்கும் வலிக்கும் லா" என்றேன். முறைத்துக்கொண்டே போனார்.

வீம்புக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். அடுப்படிக்குப் போக எனக்கா ஆசையில்லை? அவர் போனதும் சுவரைப் பிடித்து எழப் பார்த்தேன். கால் மரத்துப்போய்க் கிடந்தது. கடைசியில் மோகனராஜ்தான் வந்து தூக்கி நிறுத்தினான்.