கேபிள் டை போட்டுக் கட்டிய ஃபேன்

இன்று காலை கணினியைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாடை வந்தது. துணிப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுகிற வாடை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டின் மேல் நாம் கட்டிய இரண்டு ஃபேன்களில் ஒன்று சுற்றவில்லை. விரலால் தள்ளினால் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாராவியில் சட்டை தைக்கும் பட்டறைக்கு மேலே இருக்கிற இந்த அறையில் நாம் தொழில் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத கோடையில்தான் அந்த ஃபேன்களைக் கட்டினோம். கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே கணினியில் படமாக்கிக் காட்டுவது நம் வேலை. நான் இந்தச் சந்தில் பிறந்தவள். நீ மாட்டுங்காவிலிருந்து வருவாய். தாதரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். நான் வேலையை விட்ட மறுமாதமே நீயும் விட்டாய். மார்பில் வந்த கட்டிக்கு உனக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. உன் அம்மா என்னிடமே கேட்டார்: "உடம்பு இப்படி இருக்கறச்சே அங்க வரைக்கும் வரணுமோ இவ?" நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஆத்துல படுத்துண்டு ஃபேனைப் பாத்துண்டு இருக்கச் சொல்றியா அம்மா? நான் போறேன்."

எங்கள் சந்து வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் வந்திருந்தார். அவருடைய ஆட்கள் படம் போட்டுக் காட்டினார்கள். கண்ணாடிச் சுவர், புல்வெளி, நீச்சல் குளம். சந்தில் வேலை செய்து பிழைக்கிற ஒருவர்கூட அதில் இல்லை. தையல் மிஷின் இல்லை, அப்பளம் காயவைக்க இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சொன்னாய்: "அவா படம் காட்டினா நம்மளும் காட்டுவோம்டீ."

வீடு வீடாக ஏறி அளந்தோம். பரணையும் மிஷினையும் தண்ணீர் டிரம்மையும் அப்படியே கணினிக்குள் கட்டினோம். அதன் பிறகு, கீழ்த்தளத்தில் வேலை செய்ய அறைகள், மேலே வீடுகள் என்று நம்முடைய கட்டடம் ஒன்றையும் வரைந்தோம். எல்லாவற்றையும் ஓடும் படமாக்க ரெண்டர் போட்ட வியாழக்கிழமை மதியம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது. கார்டின் ஃபேன் அச்சில், கீழ்ப் பட்டறையிலிருந்து வந்த பஞ்சு கயிறு போல இறுகியிருந்தது. எண்ணெய் வற்றி, இறக்கை ஒன்றும் உடைந்திருந்தது.

லாமிங்டன் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இஸ்கா ஃபேன் அப் நஹி ஆத்தா, மேடம். ஃபேங்க் தோ, நயா லே லோ." இதற்கு இப்போது ஃபேன் வருவதில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றான். உன் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, கேம் விளையாடுவதற்கு எதற்கு இவ்வளவு அவசரம் என்று சிரித்தான். நீ மேசையில் கையூன்றி நிமிர்ந்தாய். "கேம் நஹி, பையா. கர் பச்சா ரஹே ஹை." விளையாட்டு இல்லை, வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். கார்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நீ எனக்கு முன்னால் நடந்தாய்.

அறைக்கு வந்ததும் நான் சோர்ந்துபோய்ச் சொன்னேன்: "செத்துப் போச்சுட்டி. வேற யார்ட்டயாவது மிஷின் கேப்போம்."

"யார் சொன்னா செத்துடுத்துன்னு? ஃபேன்தான் நின்னுருக்கு. கார்டு நன்னாத்தான் இருக்கு. கழட்டு."

உன் விரல் நுனிகள் மருந்தால் மரத்துப்போயிருந்தன, ஸ்க்ரூ பிடிபடவில்லை. நான் கழற்றினேன், நீ சொல்லிக்கொண்டே வந்தாய். பிளாஸ்டிக் மூடியை எடுத்து, அலுமினியத் தகடுகளில் அடைந்த பஞ்சைப் பிரஷ்ஷால் தள்ளினோம். சூட்டைக் கடத்துகிற பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். மூலையில் கிடந்த பழைய கணினிப் பெட்டியிலிருந்து இரண்டு ஃபேன்களைப் பிடுங்கி, தகடுகளின் மேல் வைத்து, கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வாரைப் போட்டு இறுக்கினோம். போட்டதும் அறை முழுக்க இரைச்சல். சூடு ஏறியது, ஏறியது, பிறகு ஓரிடத்தில் நின்றது. ரெண்டர் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது.

"இதும் ஒன்ன மாரியே அடம் புடிக்கி," என்றேன்.

"என்னையும் இதையும் சேர்த்து வச்சுக் கவிதை எழுதினே, கொன்னுடுவேன். இது மெஷின். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும். அவ்ளோதான்."

ஓடியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்த பள்ளிக்கூட ஹாலில் நம் படம் தொடங்கியதும், எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிற அக்கா எழுந்து கத்தினார்: "ஏளா, அது எம் மிஷினுல்லா! மேல கெடக்க துணிகூட அப்படியே இருக்கு!" பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வாசலைத் திரையில் தேடத் தொடங்கினார்கள். பில்டரின் ஆள் எழுந்து, இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நீ ஹிந்தியில் திருப்பிக் கேட்டாய்: அவரவர் வீட்டை அவரவர் காட்ட உங்களிடம் எதற்கு அனுமதி? ஹாலில் எழுந்த விசிலில் அவர் பதில் யாருக்கும் கேட்கவில்லை. அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

மழை முடிந்ததும் அவர்கள் புது வரைபடம் அனுப்பினார்கள். கீழ்த்தளத்தில் வேலை அறைகள் வந்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்து உன்னிடம் நீட்டினேன். சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "சீலிங் உயரம் பத்தாது. அத்தனை மிஷின் சூடும் எங்க போகும்? திருப்பி அனுப்பு." திருப்பி அனுப்பினோம். அடுத்த வரைபடம் வரும்போது நீ இல்லை. அதில் சீலிங்கை உயர்த்தியிருந்தார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம், சந்து இன்னும் நிற்கிறது.

உன்னை எடுத்துப்போன அன்று யாரோ சொன்னார்கள், நோயோடு போராடித் தோற்றுவிட்டாள் என்று. நான் அங்கேயே மறுத்தேன். நோய் உன்னைக் கொன்றது. நீ தோற்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை.

இன்று நின்ற ஃபேனை மாற்றிவிட்டேன். மதியம் அதே பில்டரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உங்கள் வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, எங்களிடமே வந்து படம் செய்யுங்கள் என்றார் ஒரு பெண், நல்ல தமிழில். "ஒங்க படத்துல ஆளுக எங்க இருந்து வேல செய்வாங்க?" என்று கேட்டேன். அதை டிசைன் பிரிவுதான் முடிவு செய்யும் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

"யோசிச்சாச்சு. வரல," என்று சொல்லி போனை வைத்தேன். யாராவது ஒன்று செத்துவிட்டது, முடிந்துவிட்டது என்று சொன்னால், எது முடிந்தது என்று கேட்காமல் இருக்க இப்போது எனக்கு வருவதில்லை. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, போக விடமாட்டேன். பக்கத்துச் சந்திலிருந்தும் தங்களுக்குப் படம் கேட்டு வந்திருக்கிறார்கள். முதல் வீட்டின் சுவரை வரைந்துகொண்டிருக்கிறேன்.