கீழே இறங்கிய பட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வாத்தியார் செய்த சோதனையில் நொதி புரதத்தைப் பிடித்துக்கொண்டது. பிடிக்கக் கூடாது. எட்டாவது முறை.

எங்கள் நொதி மூன்று துண்டுகள் சேர்ந்தது. ஒன்று தாங்கும். ஒன்று, இலக்குப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும். மூன்றாவதுதான் ஆள் பார்த்துப் பிடிக்கும். பிடி கிடைத்தால்தான் வெட்டு. வெட்டினால்தான் செல்லுக்குள் 'பெருகு, பெருகு' என்கிற செய்தி அடங்கும். இலக்கில் அடுத்தடுத்து இருக்கும் ஆறு அமினோ அமிலங்கள்தான் அந்தப் பிடி, அதில் இரண்டை மாற்றினால் வழுக்கிவிடும் என்று இரண்டு வருடத்துக்கு முன் காட்டியவள் நான். என் பெயர் முதலில் வந்த ஒரே கட்டுரை அது.

வாத்தியார் மாற்றினாலும் வழுக்கவில்லை.

"இன்னும் கை பழகலை உங்களுக்கு," என்றார் பேராசிரியர், எல்லோர் முன்னாலும். நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடும் அவர், பதினான்கு வருடம் பள்ளியில் பாடம் நடத்தி, அந்த வேலையை விட்டு, நாற்பத்தோரு வயதில் ஆராய்ச்சிக்கு வந்த மனிதர். தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

வாத்தியாரைப் பற்றிப் பேசப் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பதினேழாம் தேதி அவருக்கு மதிப்பீடு. அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?"

"உங்க இஷ்டம் மேடம்," என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

"நீங்க கட்டுரைக்குப் பயன்படுத்தின பழைய டி.என்.ஏ. டியூபையே குடுங்களேன். தப்பு என் கையிலயா என்னன்னு தெரிஞ்சுரும்," என்று கேட்டார் வாத்தியார்.

"அது தீர்ந்துபோச்சு சார்."

தீரவில்லை. ஃப்ரீசரில், மூன்றாம் தட்டில், என் கையெழுத்தோடு இருக்கிறது. நாக்கு எப்படிப் புரண்டது?

எப்படி என்று தெரியும். எழுதத்தான் பயம்.

மார்ச் 8, சனி

எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டுரைக்காகச் சோதித்த அன்றைக்கு, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில், மாற்றிய புரதத்தின் பட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. கீழே என்றால் புரதம் சிறியது. இரண்டு அமிலம் மாறினால் அந்த அளவு குறையாது. பார்த்தேன். ஜெல் கோணலாக ஓடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரையில், பக்கத்துப் பட்டையோடு ஒப்பிட முடியாதபடி படத்தை நெருக்கி வெட்டிப் போட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அந்தப் பழைய குழாயில் இருந்த டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்க அனுப்பிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. யாராவது ஃப்ரீசரைத் திறந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 12, புதன்

வந்துவிட்டது. நான் செய்த இரண்டு மாற்றமும் இருக்கின்றன. நான் செய்யாத மூன்றாவதும் — முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறுத்தக் குறி. புரதம் அங்கேயே முடிந்துவிடும். அதன் கடைசிப் பகுதி, வால், முழுக்கக் காணோம்.

பிடி போனது வால் இல்லாததால். வாத்தியார் புதிதாகச் செய்த புரதத்தில் வால் இருக்கிறது, அதனால் பிடிக்கிறது. எட்டு முறையும் அவர்தான் சரி.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்முகம். அந்தக் கட்டுரையை விட்டால் கையில் என்ன இருக்கிறது?

மார்ச் 13, வியாழன்

குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகக் கழிவுகளைப் போடும் அறை வரை போனேன். ஒரு குழாய், ஒரு விநாடி, அவ்வளவுதான். உள்ளே துப்புரவுக்கார அம்மா இருந்தார். "என்னம்மா, முகம் இப்படி வெளுத்துக்கிடக்கு?" என்றார். திரும்பி வந்து இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் இல்லாமல் இருந்திருந்தால்?

மார்ச் 15, சனி

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். வாலும் நொதியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அன்னிக்கே பாத்தியா, பாக்கலையா? அதை மட்டும் சொல்லு."

"பாத்தேன்."

சட்டையை மடியில் வைத்தாள். "அந்த மனுஷன் வீட்ல இப்ப என்ன பேசிட்டிருப்பாங்க?"

மார்ச் 16, ஞாயிறு

டி.என்.ஏ. முடிவை அச்செடுத்து, மடித்துப் பையில் வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் முதலில் வாத்தியாரிடம் போனேன். பேராசிரியரிடம் முதலில் போனால், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பின்வாங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

காகிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார், பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஒரு வருஷமா வீட்ல போய் என் கையையே பாத்துட்டிருந்தேன்," என்றார். காகிதத்தை மடித்தபடி, "தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்களே."

திட்டியிருக்கலாம்.

பேராசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"அவருக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன் மேடம்."

"என் பேரும் அதுல இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இருக்கு மேடம். அந்தப் படத்தை வெட்டினது நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன்."

மதிப்பீட்டைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

நேர்முகத்துக்கு வர வேண்டாம் என்று கடிதம். இரண்டு வரி.

ஜூன் 20, வெள்ளி

கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பு வந்துவிட்டது. காரணம் எழுதிய பத்தியில் என் பெயர் மட்டும். டிசம்பர் வரை இங்கே இருக்கலாம் என்றிருக்கிறார் பேராசிரியர்.

வாத்தியார் வாலை மட்டும் தனியாகச் செய்து பார்த்தார். நொதி அதை விடாமல் பிடித்துக்கொண்டது. மூன்று முறை. அவர் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார்.

மார்ச்சுக்குப் பிறகு என்னோடு வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாதவர், இன்று என் மேசையில் நான்கு குழாய்களை வைத்தார். பெயர் எழுதவில்லை, எண் மட்டும். "எதுல வால் இருக்கு, எதுல இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க ஒரு தடவை செஞ்சு பாத்துச் சொல்லுங்க."

நம்பாமல் சோதிக்கிறாரா, நம்பித்தான் கொடுக்கிறாரா? கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டேன்.